பூனை திறந்த உலை

பிப்ரவரி 4, ஞாயிறு

மணல் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி மூன்று வாரமாக மேசையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். வயிறு எரிகிறது.

அவிநாசியில் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை நாத்தனார் கோகிலாவுக்கு. பாயசம் வரும்வரை நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு, நாலு பேர் காதில் விழட்டும் என்றே குரலை ஏற்றினாள்.

"ஏனுங்க அண்ணி, உங்க மருமக இன்னும் அந்தக் கல்லுப் படிப்புதான் படிக்கறாளா? கல்லு எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சு என்னத்தப் பண்றது?"

இதே கேள்வியை நானே வான்மதியிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது வேறு. என் மருமகளை நான் கேட்பேன். கோகிலா யார் கேட்க?

"எங்க மருமக கல்லைச் சும்மா பார்த்துட்டு உக்காந்திருக்கலை. எங்க ஃபவுண்டரியிலயே கல்லை உருக்கி, மறுபடி கல்லாக்கிக் காட்டப் போறா" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"கல்லை உருக்கி மறுபடி கல்லா? அதுக்குக் கல்லை அப்படியே வெச்சிருக்கலாமுங்களே" என்றாள் கோகிலா. பந்தியே சிரித்தது. நான் பாயசத்தைத் தொடவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் எங்கள் வார்ப்புப் பட்டறையில் பம்புக்குள் சுழலும் வெண்கல இம்பெல்லர் ஊற்றி முடித்தோம். இரண்டு அச்சில் மணல் சரிந்துவிட்டது. ஆறுச்சாமியைத் திட்டினேன். அவர்தான் எங்கள் உலைக்காரர். என் புருஷன் காலத்திலிருந்து இருக்கிறார். புருஷன் போன பிறகு இந்த எட்டு வருஷமும் அவருடைய கையும் என்னுடைய வாயுமாகத்தான் ஃபவுண்டரி ஓடுகிறது.

மத்தியானம் வான்மதியைக் கூப்பிட்டு, கல்லை உருக்க முடியுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. யுனிவர்சிட்டியில் இருந்த உலை கெட்டுப்போய் மாதக்கணக்காகிறதாம். மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடுமாம். ஐந்து வருஷப் படிப்பும் போய்விடும். "விட்டுடறேன், ஃபவுண்டரி ஆபீஸ்ல உக்காந்து பில் போடறேன்" என்று என் மகன் கௌதமிடம் சொல்லிவிட்டாளாம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆபீஸில் பில் போட எனக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் இப்படி வரும் ஆள் வேண்டாம்.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு கல் வைத்திருப்பாள். தருமபுரிப் பக்கம் அவள் ஊருக்குப் பின்னால் இருக்கிற சின்ன மலைக் கரட்டிலிருந்து எடுத்தது. நல்ல கறுப்பு. அதில் அரிசியை வாரித் தூவினது போல வெள்ளைக் கீற்றுகள். அதை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பூமிக்குள்ள ஆழத்துல இது குழம்பா இருந்ததுங்க அத்தை. அங்க சூடு வெளிய போறதுக்கு வழியில்ல. ரொம்ப மெதுவா ஆறும். மெதுவா ஆறுனா படிகம் பெருசு பெருசா வளரும். அதுதான் இந்த வெள்ளை. பாதியில ஒரு விரிசல் கெடைச்சு எல்லாம் மேல ஏறிருச்சு. மேல வந்ததும் மீதிக் குழம்பு வேகமா ஆறி, பொடிப்பொடியா உறைஞ்சிருச்சு. அதுதான் இந்தக் கறுப்பு."

"சரி, இதுல நீ என்ன கண்டுபிடிக்கணும்?"

"எந்தச் சூட்டுல அது மேல ஏறுச்சுன்னு. கல்லை உருக்கி, மெதுவா ஆற விட்டு, சரியான சூட்டுல சட்டுனு நிறுத்துனா இதே மாதிரி கல்லு வரணும்."

சூடு என்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வியாழக்கிழமை உருக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

கல் உருகியது. என் கண்ணால் பார்த்தேன்.

கரட்டுக் கல்லை உடைத்துப் பொடியாக்கி, வெண்கலம் உருக்கும் கறுப்புக் கிராஃபைட் பானையில் போட்டு, எண்ணெய் உலையில் இறக்கினோம். உலைக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். வான்மதியும் கும்பிட்டாள். வெண்கலம் உருகும் சூட்டைத் தாண்டியும் கல் கல்லாகவே கிடந்தது. ஆறுச்சாமி காற்றைக் கூட்டினார். அப்புறம் ஓரம் மழுங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கடைசியில் வெல்லப்பாகு மாதிரி கொழகொழவென்று நின்றது. இத்தனை வருஷம் உலைப் பக்கம் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு ஆரஞ்சு நிறத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்தில் கோகிலா பக்கத்தில் இல்லாததுதான் குறை.

மணல் அச்சில் ஊற்றினோம். வான்மதி போன் பேச வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மேல் சிவப்பு போனதும், "தட்டிருங்க" என்றேன். ஆறுச்சாமி அச்சைத் தட்டி உடைத்தார். இது எங்கள் கைப்பழக்கம். சிவப்பு போனால் அச்சை உடைக்க வேண்டும், அடுத்த அச்சுக்கு இடம் வேண்டும்.

டிக் டிக் என்று சத்தம். எங்கள் கண் முன்னாலேயே அது விண்டு விண்டு தெறித்தது. வான்மதி ஓடி வந்தாள். உள்ளே கறுப்புக் கண்ணாடி. ஒரு வெள்ளைக் கீற்றுகூட இல்லை.

அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுவும் கல்லுதானுங்க அத்தை. எரிமலைக் குழம்பு கடல்ல விழுந்தா இப்படித்தான் ஆகும். படிகம் வளர்றதுக்கு நாம நேரமே குடுக்கலை" என்றாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

பானையின் அடியைச் சுரண்டினால் கடுகு கடுகாக இரும்பு. கல்லுக்குள் இருந்த இரும்பைக் கிராஃபைட் பிடுங்கிக்கொண்டதாம். அதனால் அந்தப் பானை இனி ஆகாது, வெள்ளைப் பீங்கான் பானைதான் வேண்டும் என்கிறாள். இரும்புக் கடுகை ஒரு காகிதத்தில் மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூலையில் துணி போட்டு மூடியிருந்த மின்சார உலையைத் திறந்து துடைத்தோம். என் புருஷன் ஆசையாக வாங்கிப் போட்டது. கிணறு மாதிரி வட்டம், மேலே மூடி. உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பிகளைத் தட்டிப் பார்த்த எலக்ட்ரீஷியன், "ரெண்டு தடவை ஏத்தலாமுங்க. மூணாவதுக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கம்பி வர மூன்று மாதமாகுமாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

பீங்கான் பானையில் கல்லுப்பொடியை வைத்து ஏற்றியாகிவிட்டது. உருகிய பிறகு உலை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைத்துக்கொண்டே போகும். நாள்கணக்காகும். திங்கட்கிழமை காலை, அவள் குறித்து வைத்திருக்கும் சூட்டில் நிறுத்துவாள்.

மூடியைப் பற்றி எல்லோரையும் நிற்க வைத்து ஏதோ சொன்னாள். மூடியைத் தூக்கினால் கரண்ட் தானாக நின்றுவிடும், மூடினாலும் மறுபடி வராது, பட்டனை அழுத்த வேண்டும் என்று. நான் பம்பு கம்பெனிக்காரரோடு போனில் இருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

"யாரும் தொறக்காதீங்க. என்ன ஆனாலும் தொறக்காதீங்க" என்றாள். இது என் காதில் நன்றாகவே விழுந்தது.

உலை நடத்துகிற எங்களைப் பார்த்துத் திறக்காதே என்கிறாள். மூடியைத் தூக்கி நிறம் பார்க்காமல் ஒரு உலை இந்த இடத்தில் எரிந்ததில்லை. என் மாமனார் பார்த்தார், என் புருஷன் பார்த்தார், நான் பார்க்கிறேன். சரி, அவளுடைய கல். அவள் சொல்படி இருக்கட்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வான்மதியின் தங்கைக்கு வளைகாப்பு. அவளும் கௌதமும் தருமபுரி போய்விட்டார்கள். உலைக்கு ஆறுச்சாமி காவல். நான் மத்தியானம் போய், "சோத்துக்குப் போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று அனுப்பினேன். அவர் வந்ததும் திரும்பிவிட்டேன்.

விசேஷம் ஒன்றுமில்லை. வலது கையில் கொஞ்சம் சூடு பட்டுவிட்டது. தோசைக்கல்.

பிப்ரவரி 19, திங்கள்

உலை அணைந்து கிடந்தது.

வான்மதி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஃபவுண்டரிக்கு வந்தாள். உலையில் சூடு காட்டும் நம்பர் எரியவில்லை. மேல் தகடு கைதொடும் சூட்டுக்கு வந்துவிட்டது. அவள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அழுதிருந்தால் தேவலை.

"யாரோ தொறந்திருக்காங்க" என்றாள்.

"பூனையா இருக்கும்" என்றேன். "ரெண்டு நாளா ஒரு கடுவன் பூனை சுத்திட்டு இருக்குது. சூட்டுக்கு வந்து மேல படுத்திருக்கும், மூடி நகந்திருக்கும்."

அந்த மூடியைத் தூக்க இரண்டு கை வேண்டும். கௌதம் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் ஆறுச்சாமி முன்னால் வந்தார்.

"என்ற கைதான் பட்டிருக்குமுங்க. தொடைக்கறப்ப நகந்திருக்கும், நம்பர் அணைஞ்சதை நான் கவனிக்கலை. என்னைத் திட்டுங்க" என்றார்.

அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நானூறு கிலோ பித்தளை ஊற்றினோம். ஆறுச்சாமி டீ குடிக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

காலையிலேயே வான்மதி பானையை உடைத்து, கல்லை அறுத்து எடுத்துக்கொண்டு யுனிவர்சிட்டிக்குப் போயிருந்தாள். கெட்டுப் போனதை எதற்கு அறுக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

போனில் இரண்டு படம் காட்டினாள். கல்லைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எடுத்ததாம். இரண்டிலும் கறுப்புப் பொடிக்கு நடுவே நீள நீளமாக வெள்ளைப் படிகம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இது கரட்டுக் கல்லு. இது நம்ம உலையில வந்தது" என்றாள். "ரெண்டும் ஒண்ணு போல இருக்குங்க அத்தை. மூடி தொறக்கற வரைக்கும் மெதுவா ஆறிருக்கு, அதுல வெள்ளை வளந்திருக்கு. தொறந்ததும் கரண்ட் நின்னு வேகமா ஆறிருச்சு, மீதியெல்லாம் பொடியாயிருச்சு. நான் இன்னும் கீழ எறக்கித்தான் நிறுத்தறதா இருந்தேன். அப்படிச் செஞ்சிருந்தா வெள்ளை அதிகமாயிருக்கும், நம்ம கரட்டுக் கல்லு மாதிரி வந்திருக்காது."

கல் எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. எப்போது மெதுவாக இருந்தது, எப்போது வேகமானது, எல்லாம். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"அப்பறமென்ன, வந்துருச்சில்ல? எழுதிக் குடு" என்றேன்.

"எந்தச் சூட்டுல தொறந்ததுன்னு தெரியணுமுங்களே. அந்த உலை எதையும் பதிஞ்சு வெக்காது. நம்பரைச் சொல்லி, அதே நம்பர்ல மறுபடி செஞ்சு காட்டுனாத்தான் ஒத்துக்குவேன்னு எங்க ஆராய்ச்சி கைடு சொல்லிட்டார். கம்பி இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும். குத்துமதிப்பா வெச்சுத் தப்பாயிருச்சுன்னா முடிஞ்சு போச்சு."

அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தொறந்தவங்களுக்குத்தான் தெரியும்."

பிப்ரவரி 23, வெள்ளி

நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து ஒரு வேலையும் ஓடவில்லை. நான் என்ன பேசினாலும் இந்த வட்டாரத்தில் திருப்பிப் பேசியவர்கள் கிடையாது. வங்கிக்காரர், பழைய இரும்புக்காரர், யூனியன்காரர் எல்லோரையும் நின்று பேசி ஜெயித்தவள் நான். மருமகள் முன்னால் போய் நிற்க மட்டும் கால் வரவில்லை. ஆறுச்சாமி வேறு இன்றும் டீ குடிக்கவில்லை.

சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். வான்மதி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூனையைப் பத்தி யோசிச்சுப் பார்த்தேன்" என்றேன்.

"சொல்லுங்க அத்தை."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆறுச்சாமி சோத்துக்குப் போனப்பத்தான் வந்திருக்கும்."

"சரிங்க."

"வந்ததும் மொதல்ல நம்பரைத்தான் பார்த்திருக்கும். ஆயிரத்து நூத்தி நாப்பது டிகிரி இருந்திருக்கும்."

கத்தி நின்றது. "பூனைக்கு நல்லா ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கும். ஃபவுண்டரிப் பூனையாச்சே."

"மூடியை எவ்வளவு தூக்குச்சுங்க?"

"முழுசா. ஒரு டம்ளர் காபி குடிக்கற நேரம் பார்த்துட்டே நின்னுருக்கும். அப்பறம் மூடிட்டுப் போயிருக்கும். பட்டனை அமுத்தணும்னு அதுக்குத் தெரியலை. சொன்னப்ப போன்ல இருந்திருக்கும்."

வான்மதி கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் இருந்த காலண்டர் தாளில் அத்தனையையும் எழுதினாள். சிரிக்கவே இல்லை. கடைசியாக, "எதுக்குங்க அத்தை தொறந்துச்சு?" என்று கேட்டாள்.

"பார்க்காம இருக்க முடியலையம்மா. நாளும் பொழுதும் வெண்கலமே ஊத்தறோம், அது உறையறதைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. கல்லு உறையறதை யார் பார்த்திருக்காங்க? அதுக்கு ஆசையா இருந்திருக்கும்."

அவள் எழுந்து போய் மருந்து எடுத்து வந்து, என் வலது கையை இழுத்து வைத்துத் தடவினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இட்லி வெச்சுட்டுத்தான் போனேன். இருந்தாலும் தோசைக்கல்லு பொல்லாததுங்க அத்தை" என்றாள்.

பிப்ரவரி 24, சனி

ஆறுச்சாமியிடம் போய், "உங்க மேல தப்பில்லை. பூனைதான்னு தெரிஞ்சுருச்சு" என்றேன்.

"அப்படிங்களா. பூனைக்குக் கைநோவு தேவலைங்களா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் டைரியில்கூட ஒளித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 29, வியாழன்

இந்த முறை உலையை விட்டு யாரும் நகரவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது வந்ததும் வான்மதி என்னைப் பார்த்து, "அதே பூனைதான் தொறக்கணும்" என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டு நானே தூக்கினேன். உள்ளே தெளிந்த ஆரஞ்சு, அதன்மேல் ஆடை கட்டினது போல ஒரு மங்கல். கையில் காபி டம்ளரோடு நின்றேன். காபி தீர்ந்ததும் மூடினேன். பட்டனைத் தொடவில்லை.

மார்ச் 4, திங்கள்

அதே கல். அச்சு அசல் அதே கல்.

மார்ச் 27, புதன்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இம்பெல்லர் இருபது அனுப்பியாயிற்று. மின்சார உலையின் கம்பி நேற்று மூன்றாவது முறை ஏற்றிப் பார்த்தபோது ஒடிந்தது. ஒடிந்தால் ஒடியட்டும், ஒடிவதற்குள் வேலையைச் செய்துவிட்டது.

நவம்பர் 13, புதன்

இன்றைக்கு வான்மதிக்கு வாய்மொழித் தேர்வு. இதற்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமாம், கேள்விகூடக் கேட்கலாமாம். விடுவேனா? ஆறுச்சாமிக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன். கோகிலாவுக்கு நானே போன் போட்டு வரச் சொன்னேன். மைசூர்பாகும் மிக்சரும் இரண்டு தூக்குவாளி நிறைய.

வான்மதி நீலப் பட்டுப்புடவையில் நின்று பேசினாள். பாதி இங்கிலீஷ். குழம்பு, படிகம், விரிசல் என்று எனக்குத் தெரிந்த படங்கள் திரையில் வந்தபோதெல்லாம் கோகிலாவின் முழங்கையை இடித்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நரைத்த தலைக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கங்களைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"முதல் முறை உலை எதிர்பாராம திறக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. வெப்ப அளவு எந்தக் கருவியிலயும் பதிவாகலை. அப்ப இந்த ஆயிரத்து நூத்தி நாப்பது எங்கிருந்து வந்தது?"

"நேர்ல பார்த்தவங்க சொன்னாங்க சார்."

"யார் பார்த்தது? அவங்க சொன்னதை எப்படி நம்பறது? உங்க முழு முடிவும் இந்த ஒரு நம்பர்லதான் நிக்குது."

வான்மதி என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறாள். என் பக்கத்தில் கோகிலா. அவள் முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொள்வதைவிட உலையில் குதிப்பேன் என்றுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன்.

"நான்தானுங்க சார் தொறந்தேன். பேரு மரகதம், இவளோட மாமியார். எட்டு வருசமா உலை நடத்தறேன். தொறக்காதீங்கன்னு இவ சொல்லியிருந்தா, நான் கேக்கலை. ஆனா நம்பரைப் பார்த்துட்டுத்தான் மூடியில கை வெச்சேன். அது எங்க வழக்கம். சந்தேகமா இருந்தா உலைக்குப் புதுக் கம்பி போட்டுத் தர்றேன், வந்து உக்காந்து பாருங்க. மறுபடி தொறக்கறேன்."

பின் வரிசையில் மாணவர்கள் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுபடி செஞ்சது இந்த அம்மாவைக் கூட வெச்சுத்தானா?" என்று வான்மதியைக் கேட்டார்.

"ஆமாங்க சார். அவங்க சொன்ன நம்பர், அவங்க கை. அதே கல்லு வந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "தொறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் ஏம்மா தொறந்தீங்க?"

"கல்லு உறையறதைப் பார்க்கணும்னு இருந்துச்சுங்க."

"நாங்க எல்லாரும் அதுக்குத்தாம்மா இந்தப் படிப்புக்கு வந்தோம்" என்றார். விரல் வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினார்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் வான்மதி என்று அறிவித்தார்கள். ஆறுச்சாமி புது வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த டைரியில் போதுமான அளவு பொய் இருக்கிறது. அழுதேன், நன்றாகவே அழுதேன். என் மருமகள் என்று ரோட்டில் போகிறவரை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மைசூர்பாகு கொடுக்கும்போது எங்கள் உலையில் பிறந்த கல்லைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கோகிலா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தாள்.

"நெசமாவே நீங்க உருக்குனதுதானுங்களா அண்ணி?"

"தொட்டுப் பாரம்மா" என்றேன். "ஆறிருச்சு."